திருச்சி – யாழ்ப்பாணம்: 184 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமா?

ஜன்னலோரம்:
திருச்சியிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 184 கிலோமீட்டர். அங்கே போகும் ஏடிஆர் என்ற குட்டி விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். வகுத்துப் பார்த்துவிட்டு, முதல்முறை விமானம் ஏறும் பெரியப்பாவிடம் "இருபத்தஞ்சே நிமிஷம்" என்று சொல்லிவிட்டேன். டிக்கெட்டில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் போட்டிருந்தது. சும்மா தாராளமாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

கதவு மூடியதும் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஓடுபாதை முனைக்குப் போய் மேலே எழும்பவே பத்து நிமிடம். சரியாக இருபத்தைந்தாவது நிமிடம் என் முழங்கையைப் பிடித்து ஜன்னலைக் காட்டினார். கீழே கடல் மட்டும்தான். "வழி தெரியலையாடா அவங்களுக்கு?" இறங்கும்வரை அந்தப் பிடியை விடவில்லை. இன்னும் மனசு உறுத்துகிறது.

வைகைக்கரை:
மதுரை – சென்னை 417 கிலோமீட்டர். உங்கள் தூரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் நேரம் கால் மணி, இருபது நிமிடம்தான் கூடும். ஒருமுறை மேலே சுற்றவிட்டதில் செம்பரம்பாக்கம் ஏரியை மூன்று தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை பக்கத்து சீட் குழந்தை ஏரிக்கு டாட்டா காட்டியது.

பழைய யாழ்வாசி:
தம்பி, இலங்கை நேரம் அரை மணி முந்தி. அதைக் கழித்தால் உங்கள் கணக்குச் சரி. நான் 2001இல் சென்னை போனபோது கடிகாரத்தைத் திருப்பி வைக்க மறந்து, மாமா சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே போய் நின்றேன். அவர் கோபம் போகவே இல்லை.

காற்றாடி:
ஐயா, அது அப்போது. 2006 ஏப்ரலிலிருந்து இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான். கழிக்க ஒன்றும் இல்லை.

ஜன்னலோரத்தின் வகுத்தல் சரி, வகுத்த பொருள்தான் தப்பு. டிக்கெட்டில் உள்ளது பறக்கும் நேரம் அல்ல. விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து இறங்கிப் போய் நிற்கும்வரை எல்லாம் அதில் சேரும். 500 என்பது மேலே ஏறி நிதானித்த பிறகு வரும் வேகம். இவ்வளவு குட்டித் தூரத்தில் ஏறுவதற்கும் இறங்குவதற்குமே பெரும்பகுதி போய்விடும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும், அதற்காகச் சுற்றி வந்தால் அதுவும் சேரும். ஆகவே தூரம் காட்டும் இணையதளங்களை நம்பி யாரையும் விமான நிலைய வாசலில் நிற்க வைக்காதீர்கள். குடிவரவு, சுங்கம், பெட்டி எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு மணி நேரம் வையுங்கள். வயதானவர்களுக்கு நடைவழி ஓரச் சீட் எடுங்கள். அப்புறம், காது அடைக்காமல் இருக்கச் சப்ப மிட்டாய். என் கதை சின்னது: நான் சித்தியை வாசலில் நிற்க வைத்தவன்.

அலைவாய்:
நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. தூரம் சுமார் 110 கிலோமீட்டர், நேரம் நாலு மணியை ஒட்டி. நான் பாதி வழியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் ஒரு குட்டி விமானம் போனது. அதில் ஒருவேளை உங்கள் பெரியப்பாவோ?

ஜன்னலோரம்:
இருக்கலாம். ஓரச் சீட் கொடுத்தால் அவர் என்னோடு பேசவே மாட்டார், காற்றாடி. திரும்பி வரும்போது "எவ்வளவு நேரம்?" என்று என்னிடம் கேட்கவில்லை. கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பணிப்பெண்ணைக் கேட்டார்.