கறுப்பு வெள்ளைப் படத்துல பச்சை எட்டிப் பார்க்குது, வழி சொல்லுங்க

மூணு வாரமா ஒரே படத்தோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். ஜன்னல் வெளிச்சத்துல எடுத்த பாட்டியோட முகம். திரையில சுத்தமான சாம்பல். பிரிண்ட் எடுத்தா கன்னத்து நிழல்ல பச்சை படியுது. அதே தாளை எல்இடி வெளிச்சத்துலேர்ந்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனா லேசா ஊதா அடிக்குது!

பிரிண்டர் ஏ4 இங்க்ஜெட், வாங்கி ரெண்டு வருஷம். ஆறு இங்க், அதுல கறுப்பு ஒண்ணுதான், சாம்பல் இங்க் கிடையாது. கம்பெனி இங்க்தான் போடறேன். தாள் செமி கிளாஸ், அதாவது பாதி பளபளப்பு.

இங்க் துளை அடைச்சிருக்கான்னு பார்க்கிற நாசில் செக்ல ஒரு கோடுகூட விடுபடல. இங்க் தெளிக்கிற ஹெட்டைச் சீராக்குற அலைன்மென்ட்டும் பண்ணியாச்சு. தாளுக்குரிய ஐசிசி புரொஃபைல் (அந்தத் தாள்ல நிறம் சரியா விழறதுக்கான ஃபைல்) போட்டு, பிரிண்டர் டிரைவர் மென்பொருள்ல கலர் திருத்தத்தை அணைச்சேன். பச்சை குறைஞ்சுது, போகல. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டும் அதேதான். கறுப்பு இங்க் மட்டும்னு வெச்சு எடுத்தா நிறச் சாயல் சுத்தமா போயிடுது, ஆனா நெத்தியில மிளகுத்தூள் தூவின மாதிரி புள்ளி புள்ளியா தெரியுது. பாட்டிக்கு அம்மை போட்டிருக்குன்னு தங்கச்சி சிரிக்கிறா.

இந்த ஆறு இங்க்கை வெச்சே சாயலும் புள்ளியும் இல்லாம எடுக்க வழி இருக்கா, இல்ல சாம்பல் இங்க் உள்ள பிரிண்டருக்கு மாறித்தான் ஆகணுமா?