முதல் வாரச் சம்பளத்தில் 208 காணவில்லை, ஏமாற்றுகிறார்களா? (அவசரம்)

விடியல்82 · வெள்ளி, மாலை 6.10
வணக்கம். ஏஜென்சி மூலமாக ஒரு ஆபீசில் டெம்ப் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். மணிக்கு 17 என்றுதான் பேச்சு. 35 மணி நேரம் வேலை பார்த்தேன், 595 வர வேண்டும். இன்று வங்கியில் விழுந்தது 387! ஏஜென்சியில் கேட்டால், "சம்பளம் போடுவது நாங்கள் இல்லை" என்கிறார்கள். பிறகு யார்தான் போடுகிறார்கள்? திங்கட்கிழமை வேலைக்குப் போவதா வேண்டாமா என்றே தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

தூறல் · 6.14
எந்த நாடு?

மெல்பர்ன் மாமா · 6.21
டிஎஃப்என் கொடுக்காமல் சேர்ந்திருப்பீர்கள். இங்கே வரி எண்ணைக் கொடுக்க 28 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் கொடுக்காவிட்டால் 47 சதவீதத்தைப் பிடித்துவிடுவார்கள். உங்களுக்குப் போயிருப்பது 35 சதவீதம்தான், கணக்கு இடிக்கிறது. இருந்தாலும் அதுவாகத்தான் இருக்கும்.

பெர்லின்வாசி · 6.30
ஜெர்மனியிலும் இதே கதைதான். வரி அடையாள எண் இல்லாமல் சேர்ந்தால் ஆறாம் வகுப்பில் போட்டு வழித்துவிடுவார்கள். என் முதல் மாதச் சம்பளம் அப்படித்தான் வந்தது. எண்ணைக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

தூறல் · 6.33
அவர் ஜெர்மனி என்று சொன்னாரா?

பெர்லின்வாசி · 6.35
ஆஸ்திரேலியா என்றும் சொல்லவில்லையே.

கணக்குப்பிள்ளை · 6.52
மாதத்துக்கு ஒருவராவது இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். தலைப்பில் "அவசரம்" என்று போடத் தெரிகிறது, நாடு, விசா, டாக்ஸ் கோடு என்று நான்கு வார்த்தை போடத் தெரியவில்லை. வைத்தியரிடம் போய் "வலிக்கிறது, மருந்து கொடுங்கள்" என்று மட்டும் சொன்னால் எங்கே தடவுவார்? பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டு வாருங்கள், தம்பி.

விடியல்82 · 7.20
மன்னிக்கவும், லண்டன். பவுண்டில்தான் சொன்னேன். அது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

யுனி_முதலாண்டு · 7.26
அண்ணா, ஸ்டூடண்ட் விசாவா? அப்படியென்றால் சம்பளத்தை விடுங்கள், முதலில் வேலையை நிறுத்துங்கள்! பட்டப்படிப்பு என்றால் டெர்ம் நேரத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான். திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம். இந்த வாரம் 10, அடுத்த வாரம் 30 என்று சராசரி போட முடியாது. 35 மணி நேரம் பார்த்திருந்தால் விசாவுக்கே ஆபத்து.

விடியல்82 · 7.31
ஐயோ பயமுறுத்தாதீர்கள். மனைவி நர்ஸ், அவருடைய ஸ்கில்ட் வொர்க்கர் விசாவில் நான் டிபெண்டென்ட். செப்டம்பரில் வந்தோம். ஊரில் மார்ச்சிலேயே வேலையை விட்டுவிட்டேன், இங்கே இதுதான் முதல் வேலை. வேலை செய்யும் உரிமையைச் சரிபார்க்கும் ஷேர் கோடு கேட்டார்கள், கொடுத்தேன்.

ஈஸ்ட்ஹாம் அக்கா · 7.40
டிபெண்டென்ட் என்றால் மணிக்கணக்குக் கட்டுப்பாடு இல்லை, பயப்படாதையுங்கோ தம்பி. நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர், அதுதான் சமூகக் காப்பீட்டு என்ஐ நம்பர், வந்துட்டுதா? அது இல்லாட்டில் வரியை இரட்டிப்பாகப் பிடிப்பினம். என்ர மருமகனுக்கும் இப்படித்தான் நடந்தது.

கணக்குப்பிள்ளை · 7.48
அக்கா, மருமகனுக்கு நடந்தது வேறு காரணமாக இருக்கும். என்ஐ எண் இல்லை என்பதற்காக வரி விகிதம் மாறாது. வேலை செய்யும் உரிமையை நிரூபித்துவிட்டால் எண் இல்லாமலே வேலையைத் தொடங்கலாம், அரசாங்கமே அப்படித்தான் சொல்கிறது. எண் வந்ததும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடித்த என்ஐ யார் கணக்கில் சேர்வது? வரியைத் தீர்மானிப்பது டாக்ஸ் கோடு. பே ஸ்லிப்பில் இருக்கும். பே ஸ்லிப் என்று ஒன்று வந்ததா, இல்லை அதுவும் எல்லோருக்கும் தெரியுமா?

ஈஸ்ட்ஹாம் அக்கா · 7.50
ஓம் ஓம், நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

தூறல் · 7.55
அம்ப்ரெல்லாவாக, அதாவது ஏஜென்சிக்குப் பதிலாகச் சம்பளம் போடும் இடைக் கம்பெனியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. "சம்பளம் போடுவது நாங்கள் இல்லை" என்று ஏஜென்சி சொன்னதுமே பொறி தட்டியது. விடியல், சேரும்போது பெயர் தெரியாத இன்னொரு கம்பெனியோடும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டீர்களா?

விடியல்82 · 8.25
ஆமாம்! மின்னஞ்சலில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது, போனிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். பே ஸ்லிப்பை இப்போதுதான் திறந்தேன். அப்படியே தட்டுகிறேன்:
அசைன்மென்ட் வருமானம் 595.00
கம்பெனி மார்ஜின் 20.00
எம்ப்ளாயர் என்ஐ 62.15
அப்ரென்டிஸ்ஷிப் லெவி 2.55
கிராஸ் 510.30 (பேசிக் 455.34, ஹாலிடே பே 54.96)
டாக்ஸ் 102.00
எம்ப்ளாயீ என்ஐ 21.46
நெட் 386.84
டாக்ஸ் கோடு 0டி டபிள்யூ1.
என்ஐ எண் போன வாரம்தான் தபாலில் வந்தது. இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

நியாயவாதி · 8.31
எம்ப்ளாயர் என்ஐயை உங்களிடம் பிடித்திருக்கிறார்களா? அப்பட்டமான சட்டமீறல். முதலாளியின் பங்கைத் தொழிலாளி சம்பளத்திலிருந்து எடுக்கவே கூடாது. உடனே புகார் கொடுங்கள். நான் சாட்சி சொல்ல வேண்டுமென்றாலும் வருகிறேன்.

தூறல் · 8.44
சாட்சிக்கு அவசரமில்லை. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சம்பளத்திலிருந்து எடுக்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் 595 என்பது விடியலின் சம்பளமே இல்லை. ஏஜென்சி அம்ப்ரெல்லா கம்பெனிக்குக் கொடுக்கும் தொகை அது. இந்த வேலையில் அந்தக் கம்பெனிதான் அவருக்கு முதலாளி. வாரத்துக்கு 96 பவுண்டுக்கு மேல் உள்ள சம்பளத்தில் 15 சதவீதம் முதலாளி பங்கு. அந்தப் பணத்துக்கு அவர்கள் வேறு எங்கே போவார்கள்? 595இலிருந்துதான் எடுக்கிறார்கள். எடுத்தது போக மிச்சம்தான் சம்பளம், அதாவது 510.

நியாயவாதி · 8.47
பெயரை மாற்றிவிட்டால் திருட்டு திருட்டு இல்லையா?

தூறல் · 8.53
நியாயமா என்று கேட்டால் நானும் உங்கள் பக்கம்தான். சட்டமீறலா என்று கேட்டால் இல்லை. மணிக்கு 17 என்று வாயால் சொல்வதுதான் எனக்கு எரிச்சல். 455.34ஐ 35ஆல் வகுத்துப் பாருங்கள். அவருடைய உண்மையான மணிச் சம்பளம் 13.01. ஹாலிடே பே வேறு வாராவாரம் சேர்ந்தே வந்துவிடுகிறது, கிறிஸ்துமஸுக்கு ஆபீஸ் மூடும்போது தனியாக எதுவும் வராது. இதையெல்லாம் காட்டும் கீ இன்ஃபர்மேஷன் டாக்குமென்ட் என்ற சிறிய தாளை முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்பது 2020 ஏப்ரலிலிருந்து விதி. நீங்கள் போனில் கையெழுத்துப் போட்ட குவியலில் அதுவும் இருந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை · 9.05
இப்போதுதான் கேள்வி கேள்வியாக இருக்கிறது. தம்பி, உன் 208 இரண்டு பங்கு. அம்ப்ரெல்லாவில் போனது 84.70 (அவர்கள் கட்டணமான மார்ஜின், முதலாளி பங்கு என்ஐ, முதலாளிகள் கட்டும் லெவி). அது திரும்பி வராது. மீதி 123.46 வரியும் உன் பங்கு என்ஐயும். அதில் வரி 102ஐ உன்னிடம் பிடித்திருக்கவே வேண்டாம்.

0டி என்றால் வரிவிலக்கே கொடுக்காமல் முதல் பவுண்டிலிருந்தே வரி வெட்டுவது, உன் சம்பள அளவுக்கு 20 சதவீதம். டபிள்யூ1 என்றால் முந்தைய வாரங்களைப் பார்க்காமல் இந்த வாரத்தை மட்டும் தனியாகக் கணக்கிடுவது. புதிதாகச் சேர்ந்தவர் பி45 (பழைய முதலாளி தரும் வரித் தாள்) கொடுக்காமல், ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் என்ற புதியவர் படிவமும் கொடுக்காமல் இருந்தால் இந்தக் கோடுதான் விழும். அந்தப் படிவத்தை என்ன செய்தாய்?

விடியல்82 · 9.12
பி45 இருக்கிறதா என்று கேட்டு ஒரு ஃபார்ம் வந்தது. என்னிடம் இல்லை, அதனால் நமக்கில்லை என்று விட்டுவிட்டேன்.

கணக்குப்பிள்ளை · 9.20
பி45 இல்லாதவர்களுக்காகத்தான் அந்தப் படிவமே. சரி, நடந்தது நடந்துவிட்டது.

வருடத்துக்கு 12,570 பவுண்ட் வரை வரி கிடையாது. நீ நவம்பரில் சேர்ந்தாலும் விலக்கு முழு வருடத்துக்கும் உண்டு. வரி வருடம் தொடங்கும் ஏப்ரல் 6க்குப் பிறகு இதுதான் முதல் வேலை என்கிறாய். இன்றைய வெள்ளியையும் சேர்த்து ஏப்ரல் 5க்குள் 21 சம்பள வெள்ளிகள். வாரம் 510 வீதம் மொத்தம் 10,710. 12,570ஐத் தொடவே மாட்டாய். ஆக, இந்த வரி வருடத்துக்கு நீ கட்ட வேண்டிய வருமான வரி பூஜ்ஜியம். என்ஐ மட்டும் அந்தந்த வாரத்துக்கு அன்றன்றே முடிந்துவிடும், அது திரும்பாது.

படிவத்தை இப்போதாவது நிரப்பி அனுப்பு, ஏப்ரல் 6க்குப் பிறகு முதல் வேலை என்று சொல்லும் ஏ கூற்றைத் தேர்ந்தெடு. என்ஐ எண்ணையும் கொடு. ஆனால் அதோடு விட்டுவிடாதே. முதல் சம்பளம் போட்ட பிறகு படிவம் போனால், வரித்துறையான எச்எம்ஆர்சி புதிய கோடு அனுப்பும்வரை பழைய கோட்டையே தொடர வேண்டும் என்பதுதான் சம்பளம் போடுகிறவர்களுக்கு விதி. அதனால் எச்எம்ஆர்சி தளத்தில் உன் சொந்த வரிக் கணக்கைத் திறந்து, வேலை விவரத்தையும் வருமான மதிப்பீட்டையும் நீயே சரிசெய். 12,570 விலக்கை முழுதாகக் கொடுக்கும் 1257எல் என்று டபிள்யூ1 வால் இல்லாமல் கோடு வந்தால், பிடித்ததெல்லாம் சம்பளத்தோடு தானாகத் திரும்பும். ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்டு வருகிறவனுக்குப் பத்துக் காசு கொடுக்காதே.

ஈஸ்ட்ஹாம் அக்கா · 9.24
அப்ப என்ர மருமகனும் படிவம் குடுக்கேல்லைப் போல.

ஒத்தையடிப்பாதை · 9.41
எனக்கு வேறொன்று கேட்கத் தோன்றுகிறது. ஊரில் நல்ல வேலையில் இருந்திருப்பார் போலிருக்கிறது. இங்கே வந்து ஃபைல் அடுக்கும் டெம்ப் வேலை அவசியமா? ஆறு மாதம் பொறுத்தால் சொந்தத் துறையிலேயே கிடைக்காதா?

தூறல் · 9.46
வாடகை பொறுக்குமா? நானும் எட்டு வாரம் ரிசப்ஷனில் ஆள் இல்லாத இடத்தில் உட்கார்ந்தவள்தான். போன் எடுத்துப் பேசிப் பேசியே இவர்கள் ஆங்கிலம் காதில் ஏறியது. இங்குள்ள ரெஃபரன்ஸ் ஒன்று கையில் வந்த பிறகுதான் மற்ற இடங்களில் என் விண்ணப்பத்தைத் திறந்தே பார்த்தார்கள்.

நியாயவாதி · 9.58
அதுவும் 12 வாரம் தாண்டினால், அதே வேலையைப் பார்க்கும் நிரந்தர ஊழியருக்கு உள்ள சம்பளத்தையே டெம்புக்கும் கொடுக்க வேண்டும். இதுவும் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

லீட்ஸ்_லோகு · 10.03
ஏட்டுச் சுரைக்காய். இரண்டு வேலைக்கும் நடுவில் சும்மா இருக்கும் நாளுக்கும் சம்பளம் உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், சம சம்பளம் கேட்க முடியாது. என்னை அப்படித்தான் மடக்கினார்கள்.

கணக்குப்பிள்ளை · 10.09
எந்த வருடம்?

லீட்ஸ்_லோகு · 10.11
2018.

கணக்குப்பிள்ளை · 10.15
அந்த ஓட்டையை 2020 ஏப்ரல் 6இல் அடைத்தாயிற்று. நியாயவாதி இந்த முறை சரியாகச் சொல்கிறார், குறித்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் ஒரே மாதிரி வேலையாக 12 வாரம் இருக்க வேண்டும். நடுவில் ஆறு வாரத்துக்கு மேல் இடைவெளி விட்டால் பெரும்பாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்.

லீட்ஸ்_லோகு · 10.19
அதனால்தான் 11ஆவது வாரம் கைகுலுக்கி அனுப்பிவிடுகிறார்கள்.

நியாயவாதி · 10.22
தட்டிக் கழிப்பதற்காகவே மாற்றி மாற்றி அனுப்பினால் அதைத் தடுக்கவும் விதி இருக்கிறது.

லீட்ஸ்_லோகு · 10.24
விதி இருக்கிறது. வேலை இருக்காது. எதிர்த்துக் கேட்டவனை ஏஜென்சி மறுபடி கூப்பிடுமா?

நியாயவாதி · 10.30
இப்படி எல்லோரும் பயந்து பயந்துதான்...

தூறல் · 10.34
இரண்டு பேரும் தனி இழை தொடங்கிச் சண்டை போடுங்கள். விடியல், அம்ப்ரெல்லா வேண்டாம், ஏஜென்சி நேரடியாகச் சம்பளம் போடும் முறையில் மாற்ற முடியுமா என்று திங்கட்கிழமை கேட்டுப் பாருங்கள். சில ஏஜென்சிகள் ஒத்துக்கொள்ளும். அந்த ரேட் 17ஐவிடக் குறைவாகத்தான் சொல்வார்கள், அதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். எதில் கைக்கு அதிகம் வருகிறது என்று மட்டும் பாருங்கள். வேலைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

மெல்பர்ன் மாமா · சனி, காலை 5.15
இங்கிலாந்தா? அப்படியென்றால் டிஎஃப்என் இல்லை.

தூறல் · அடுத்த புதன்
விடியல், என்ன ஆயிற்று?

ஈஸ்ட்ஹாம் அக்கா · அதற்கடுத்த ஞாயிறு
தம்பியைக் காணேல்லை. வேலை கூடிப்போச்சுப் போல.

விடியல்82 · நான்கு வாரம் கழித்து, வெள்ளி, மாலை 6.40
வணக்கம். வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். ஏஜென்சி நேரடிச் சம்பளம் இல்லை என்று சொல்லிவிட்டது. நீங்கள் சொன்னபடி ஆன்லைனில் மாற்றினேன். நாலு வாரமும் அதே 386.84தான் வந்தது. இன்று 896.84 வந்திருக்கிறது! தவறாகப் போட்டுவிட்டார்களா? திருப்பிக் கேட்பார்களா? தொடாமல் வைத்திருக்கிறேன். அவசரம்.

கணக்குப்பிள்ளை · 6.58
பே ஸ்லிப்பைத் திறந்தாயா?

விடியல்82 · 7.01
இன்னும் இல்லை.

கணக்குப்பிள்ளை · 7.06
நாலு வாரம் பிடித்த 102, மொத்தம் 408 திரும்பியிருக்கிறது. இந்த வாரச் சம்பளம் 488.84. இரண்டையும் கூட்டு. உன் பணம்தான், தாராளமாகத் தொடு. அடுத்த வெள்ளி 488.84தான் வரும், அப்போது 408 காணவில்லை என்று புது இழை திறந்துவிடாதே.