கம்பளிக் கோட்டில் பூசணம்: பயணத்துக்குள் சரிசெய்ய முடியுமா?

செந்தூல்காரி கேட்டது:

வணக்கம். மூத்த மகள் மான்செஸ்டரில் படிக்கிறாள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எல்லாரும் அங்கே போகிறோம். என் தங்கையும் அவள் கைக்குழந்தையும்கூட வருகிறார்கள். புறப்பட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நேற்று அலமாரியிலிருந்து குளிர் உடுப்புகளை இறக்கினேன். டோபியிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையோடு தொங்கிய கம்பளிக் கோட்டுகளில் காலர் ஓரமும் கைமுனையும் வெள்ளையாகப் பூசணம் பூத்திருக்கின்றன. சின்னவனுக்குப் பழைய உடுப்பு விற்கும் பண்டல் கடையில் வாங்கிய ஸ்வெட்டரில் குட்டிக் குட்டி ஓட்டைகள். இறகு அடைத்த ஜாக்கெட், காற்றை உறிஞ்சி மூடும் பையில் அப்பளம் மாதிரி கிடக்கிறது. கணவரின் குளிர் சப்பாத்து மட்டும் புதிது போலவே இருக்கிறது, அதுவரை நிம்மதி.

இங்கே கோலாலம்பூரில் மத்தியானம் தாண்டினால் மழை. எதையும் நம்பி வெளியில் போட முடியவில்லை. எல்லாவற்றையும் புதிதாக வாங்க எங்களால் ஆகாது. வீட்டிலேயே எதைச் செய்யலாம், எதை டோபியிடம் கொடுக்க வேண்டும்? இனிமேல் நாப்தலின் உருண்டை போட்டு வைத்தால் போதுமா?

ஜெலுத்தோங் டோபிக்கடை பதில்:

தங்கச்சி, பினாங்கில் எங்கள் அப்பா காலத்திலிருந்து டோபிக் கடை. இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான், நான் கம்பளியும் பட்டும் வந்தால் மட்டும் கை வைக்கிறேன். கோட்டு பிழைத்துவிடும், பயப்படாதீர்கள்.

முதலில் அந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றி வீசுங்கள். அது கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வரைக்கும்தான். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் சாதாரணமாகவே 80 சதவீதத்தைத் தொடும். 70ஐத் தாண்டினாலே பூசணத்துக்குக் கொண்டாட்டம். உறைக்குள் அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் நிற்கிறது. காலரிலும் கைமுனையிலும் மட்டும் ஏன் பிடித்தது? அங்கேதான் வியர்வையும் தோல் எண்ணெயும் இருக்கும். பூசணத்துக்குச் சாப்பாடு அதுதான்.

காலை பத்து மணிக்குள், மழை வருவதற்கு முன்னால், கோட்டை வெளியே கொண்டுபோங்கள். வீட்டுக்குள் தட்டினால் பூசணத்தின் வித்து எல்லா உடுப்பிலும் போய் உட்காரும். மூக்கை மூடிக்கொண்டு, துணி காய்ந்த நிலையிலேயே மென்மையான பிரஷால் ரோமம் படிந்திருக்கும் திசையில் தட்டிவிடுங்கள். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, உள்ளே அப்பிக்கொள்ளும். பிறகு உள்பக்கத்தை வெளியே திருப்பி, காற்று ஓடும் இடத்தில் வெயிலில் கொஞ்ச நேரம். மேகம் திரண்டதும் உள்ளே எடுத்து, ஏர்கோனை ‘டிரை’யில் வைத்து, மின்விசிறியும் போட்டு, அந்த அறையில் தொங்கவிடுங்கள். அதற்கப்புறமும் கறையோ வாசமோ இருந்தால் டோபியிடம் கொடுங்கள். பூசணம் என்று சொல்லி, எந்த இடம் என்று கை வைத்துக் காட்டிக் கொடுங்கள். லேபிளில் வெறும் வட்டம் இருந்தால் டிரை கிளீனிங், வட்டத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் அது கூடாது.

காசு போடும் சுயசேவை டோபியில் கம்பளியை உலர்த்தாதீர்கள். கம்பளி நூலின் மேல் மீன் செதில் போல அடுக்கு இருக்கிறது. ஈரம், சூடு, உருட்டல் மூன்றும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். சுருங்கினால் சுருங்கியதுதான், எந்த டோபியாலும் பழையபடி விரிக்க முடியாது. குளோரோக்ஸ் வெளுப்பான் வேண்டவே வேண்டாம், அது கம்பளியையும் பட்டையும் அரித்துவிடும். இரண்டும் நம் தலைமுடி மாதிரி புரதம். அதனால் புரதத்தைக் கரைக்கும் ‘என்சைம்’ என்று எழுதிய சலவைத்தூளும் ஆகாது.

இப்போது சப்பாத்து. நீங்கள் நிம்மதி என்று எழுதிய இடத்தில்தான் எனக்குக் கவலை. குளிர் சப்பாத்துகளில் பலவற்றுக்கு அடிப்பாகம் பாலியூரித்தேன் என்ற ஒரு வகை நுரைப் பொருள். காற்றில் உள்ள ஈரம் அதை உள்ளேயிருந்து உடைக்கும். போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் உடைக்கும். வெளியே பளபளவென்று இருக்கும், விமான நிலையத்தில் நடக்கும்போது அடி தனியாகக் கழன்று வரும். இப்படிக் கழன்றவற்றைக் கடைக்குக் கொண்டுவந்து ஒட்டித் தரச் சொல்பவர்கள் உண்டு. பொடிந்ததை ஒட்ட முடியாது. அதனால் இன்றே கட்டைவிரலால் அடியின் ஓரத்தை அழுத்திப் பாருங்கள், வளைத்துப் பாருங்கள். மாவாக உதிர்ந்தாலோ பிசுபிசுத்தாலோ அது முடிந்தது. தாங்கினாலும் கணவரை அதைப் போட்டுக்கொண்டு சில நாள் மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லுங்கள். மேலே உண்மையான தோலாக இருந்தால், சப்பாத்து தைப்பவரிடம் கொடுத்து ரப்பர் அடி மாற்றலாம், அதற்கு இப்போதே நேரம் வேண்டும். செயற்கைத் தோல் ஜாக்கெட்டும், மழை ஜாக்கெட்டின் உட்பூச்சும் இதே நோயால்தான் உரிகின்றன. அவற்றையும் பாருங்கள்.

இறகு ஜாக்கெட்டைப் பையிலிருந்து எடுத்து, உதறி, தொங்கவிடுங்கள். நெடுநாள் நசுங்கிக் கிடந்தால் இறகு எழும்பாது, எழும்பாவிட்டால் சூடும் தாங்காது. கட்டி கட்டியாக இருந்தால் குறைந்த சூட்டு டிரையரில் சுத்தமான டென்னிஸ் பந்து இரண்டைப் போட்டுச் சுழலவிடுங்கள்.

ஸ்வெட்டர் ஓட்டை, துணி அந்துவின் புழு தின்றது. பறக்கும் பூச்சி தின்னாது, புழுதான் தின்னும். நெகிழிப் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். உங்களிடம் அந்த இரண்டு வாரம் இருக்கிறது, இன்றே வையுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் தாதி பதில்:

உருண்டையைப் பற்றி அண்ணன் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். கைக்குழந்தை வருகிறது என்றீர்களே, தயவுசெய்து நாப்தலின் வேண்டாம். நம் மருத்துவமனைகளில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி பரிசோதனை செய்கிறோம், அது சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி. அந்தக் குறைபாடு உள்ள குழந்தைக்கு நாப்தலின் ஆவி பட்டால் சிவப்பணுக்கள் உடையும், மஞ்சள்காமாலை கடுமையாகும். தங்கையிடம் குழந்தையின் பதிவுப் புத்தகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். குறைபாடு இல்லாவிட்டாலும், குழந்தையைப் போர்த்தும் எதையும், குழந்தையைத் தூக்குபவரின் உடுப்பையும், அந்த உருண்டையோடு வைக்காதீர்கள்.

செந்தூல்காரி:

அண்ணே, அழுத்திப் பார்த்தேன். இடது சப்பாத்தின் குதிகால் கேக் துண்டு போல உதிர்ந்தது! இவர் இன்று மாலையே தைப்பவரிடம் போகிறார். ஸ்வெட்டர் உறைபெட்டியில் இக்கான் பிலிஸ் (நெத்திலி) பக்கத்தில் படுத்துவிட்டது. தாதி அக்கா, தங்கையிடம் கேட்டேன். குழந்தைக்கு ஜி6பிடி குறைபாடு இருக்கிறது. உருண்டைப் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டேன். ரொம்ப நன்றி. அங்கே போனபின் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

பங்சார், முன்பு லீட்ஸ் பதில்:

பனி உறையும் நாளில் தெருவில் உப்பு தூவுவார்கள். சப்பாத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்து, பிறகு வெறும் தண்ணீரில் துடையுங்கள். செய்தித்தாள் அடைத்துக் காயவையுங்கள். ஹீட்டர் மேல் வைத்தால் தோல் வெடிக்கும். மகள் அறைக்குள் துணி காயப்போட்டால் ஜன்னலைக் கொஞ்சம் திறக்கச் சொல்லுங்கள், அங்கேயும் சுவரில் பூசணம் பிடிக்கும்.

ஜெலுத்தோங் டோபிக்கடை:

திரும்பி வந்ததும் பெட்டியிலேயே விட்டுவிடாதீர்கள், தங்கச்சி. சுத்தம் செய்து, நன்றாகக் காய்ந்தபின், பழைய பருத்தி வேட்டியில் உறை தைத்துப் போட்டு, அலமாரியில் இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். ஈரம் உறிஞ்சும் டப்பா வைத்தால் அதை அடித்தட்டில், துணி தொடாத மூலையில் வையுங்கள். அதில் சேரும் உப்புத் தண்ணீர் கொட்டினால் துணி பாழ். மாதம் ஒருமுறை கதவைத் திறந்து விசிறியைத் திருப்பிவிடுங்கள். தீபாவளிப் பட்டுச் சேலை இருந்தால் அதையும் அப்போதே எடுத்து மடிப்பை மாற்றி வையுங்கள்.