ஒரே சூரியச் சுடர், மூன்று உச்ச நேரங்கள்: பிழை எங்கே?

வினா:
ஆதித்யா எல்1 விண்கலத்தின் சோலெக்ஸ் (குறைந்த ஆற்றலுள்ள மென் எக்ஸ்-கதிரை அளப்பது), ஹெலியோஸ் (மிகுந்த ஆற்றலுள்ள வன் எக்ஸ்-கதிரை அளப்பது) கருவிகள் பதிவு செய்த ஒரு எம் வகைச் சுடரின் (நடுத்தர வலிமையுள்ள சூரிய வெடிப்பின்) தரவை ஒரே வரைபடத்தில் இட்டுப் பார்த்தேன். வன் எக்ஸ்-கதிர்க் கோடு ஊசிகளாக எழுந்து அடங்கிய பிறகே மென் எக்ஸ்-கதிர்க் கோடு உச்சத்தைத் தொடுகிறது. நாசாவின் சூரிய ஆய்வு விண்கலமான எஸ்.டி.ஓ. 171 ஆங்ஸ்ட்ராம் (அலைநீள அலகு) புற ஊதா ஒளியில் எடுத்த படங்களிலோ, அந்த இடத்து வளைவுகள் (காந்தப் புலத்தில் சிக்கிய சூடான வாயு வளையங்கள்) அதற்கும் வெகுநேரம் கழித்தே ஒளிர்கின்றன. நேரத்தை நான் தவறாகப் பொருத்திவிட்டேனா?

மறுமொழி 1:
தவறு இல்லை. எல்லா அலைநீளங்களும் ஏறத்தாழ 8 நிமிடம் 20 நொடியில்தான் நம்மை வந்தடைகின்றன. ஆகவே நீங்கள் காணும் இடைவெளி சூரியனிலேயே நிகழ்வது. சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவில் காந்தப் புலக் கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போது முடுக்கப்படும் எலக்ட்ரான்கள், அதற்குக் கீழுள்ள அடர்ந்த அடுக்கான நிறமண்டலத்தில் மோதிய கணமே வன் எக்ஸ்-கதிர் எழுகிறது. அம்மோதலில் சூடேறிய வாயு மேலேறி வளைவுகளை நிரப்ப நேரம் பிடிக்கும். அப்படிச் சேர்ந்த வெப்பத்தின் கணக்கே மென் எக்ஸ்-கதிர். மென் கதிர்க் கோட்டின் மாறுவீதத்தை வரைந்து பாருங்கள், வன் கதிர்க் கோட்டை ஒத்திருக்கும். 1968இல் சூரிய ஆய்வாளர் நியூபர்ட் கண்டது இதுதான். ஆனால் ஹெலியோஸ் தரவில் 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்குக் கீழுள்ளதைச் சேர்க்காதீர்கள். அங்கே வெப்பக் கதிர்வீச்சும் கலந்திருக்கும்.

மறுமொழி 2:
171 ஆங்ஸ்ட்ராமில் தெரிவது எட்டு எலக்ட்ரான்களை இழந்த இரும்பு. சுமார் 6 லட்சம் கெல்வினில் ஒளிர்வது. 1 கோடி கெல்வினைத் தாண்டிய வளைவு அந்த அளவுக்கு ஆறிய பிறகுதானே அங்கே தலைகாட்டும்? அவ்வளவு சூடான வாயுவைக் காட்டும் 131 ஆங்ஸ்ட்ராம் படங்களையும் எடுத்துப் பாருங்கள். அதே வளைவுகள் முன்னதாகவே தெரியும். சுடரின் நடுவிலிருந்து கிளம்பும் பெருக்கல் குறி போன்ற கீற்றுகளை மட்டும் சூரியனுடையவை என்று எண்ணிவிடாதீர்கள். அவை தொலைநோக்கியின் வடிகட்டியைத் தாங்கும் வலையால் உண்டாகும் விளிம்பு விலகல் (வலைக் கம்பிகளின் ஓரத்தில் ஒளி வளைந்து சிதறுவது).

வினவியவர்:
மாறுவீதத்தை வரைந்தேன். முதல் இரண்டு ஊசிகள் அப்படியே பொருந்துகின்றன. ஆனால் வன் கதிர் அடங்கிய பின்னும் மாறுவீதம் சிறிது நேரம் சுழிக்கு மேலேயே நிற்கிறது.

மறுமொழி 1:
அந்த மிச்சத்தை எலக்ட்ரான் மோதலைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. வளைவுகளின் உச்சியிலிருந்து நேரடியாக வெப்பம் கடத்தப்பட்டாலும் அப்படித்தான் இருக்கும். 1992 ஜனவரி 13 அன்று ஜப்பானின் யோகோ விண்கலம் கண்ட சுடரில், வளைவின் உச்சிக்கும் மேலே ஒரு வன் கதிர் ஊற்று தெரிந்தது. உங்கள் சுடரில் மேலே ஆற்றல் வெளிப்பாடு தொடர்ந்ததா என்று அறிய, இறுதிக் கட்டத்தின் 131 ஆங்ஸ்ட்ராம் படங்களில் புதிய வளைவுகள் இன்னும் உயரத்தில் தோன்றுகின்றனவா என்று முதலில் பாருங்கள்.