ஜூன் விடுமுறையில் ஸ்வாகோப்முண்ட்: மேலூர்த் தம்பிக்கு

தம்பி, கேப் டவுனில் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஊர் சுற்றலாமா என்று தயங்க வேண்டாம். பக்கத்து நாடான நமீபியாவின் கடற்கரை ஊர் ஸ்வாகோப்முண்டுக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். ஜூனா, டிசம்பரா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஜூன் என்பேன். அங்கே டிசம்பர்தான் கோடை. உள்நாட்டு வெயில் தாங்காமல் நமீபியர்களே குடும்பம் குடும்பமாக ஸ்வாகோப்முண்ட் கடற்கரைக்கு இறங்கிவிடுவார்கள். அப்போது அங்கே அறை தேடுவது, அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையத்தில் அறை தேடுவதுபோலத்தான். ஜூனில் ஊர் ஓய்ந்து கிடக்கும். சமையலறையோடு கூடிய அறையே மாணவன் கைக்கு எட்டும் வாடகையில் கிடைத்தது எனக்கு.

பாலைவனம் என்றதும் நம் மனதில் வருகிற வெயிலை மட்டும் மறந்துவிடுங்கள். நான் கிளம்பியபோது திருமங்கலத்திலிருந்து அம்மா, தொப்பி எடுத்துக்கொள், மோர் வாங்கிக் குடி என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் நான்கு பருத்திச் சட்டைகளோடு போய் இறங்கினேன். முதல் நாள் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால் எதிர்வீடு இல்லை. வெள்ளையாக மூடுபனி. இரவு கொடியில் போட்ட துண்டு காய்வதற்குப் பதில் பிழியும் அளவுக்கு நனைந்திருந்தது. பத்து மணிவரை போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காரணம் கடல்தான். தெற்கிலிருந்து வரும் பெங்குவேலா நீரோட்டம் சில்லென்றிருக்கும். அதன்மேல் வரும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகிக் கரையேறுகிறது, மழையாவதில்லை. ஆண்டு முழுக்கப் பெய்வது 20 மில்லிமீட்டரைத் தொடுவதே அபூர்வம். அங்குள்ள ஒரு வண்டு மணல்மேட்டின் உச்சியில் தலைகீழாக நின்று, முதுகில் படியும் பனித்துளி வாய்க்கு வழிந்து வரும்வரை காத்திருந்து குடிக்கிறது. ஜூன், ஜூலையில் திடீரென்று கிழக்கிலிருந்து பாலைக்காற்று வீசும். அன்றைக்கு மட்டும் குளிர்காலத்திலும் 30 டிகிரியைத் தாண்டிவிடும், பல்லிடுக்கிலெல்லாம் மணல். ஆகவே கம்பளிச் சட்டை இரண்டு, அம்மாவுக்காகத் தொப்பி ஒன்று.

ஸ்வாகோப் ஆற்றின் முகத்துவாரம் என்பதே ஊர்ப்பெயரின் பொருள். ஆறு எங்கே என்று தேடினேன். பாலத்துக்குக் கீழே அகலமாக மணல், ஓரத்தில் நாணல், நடுவில் யாரோ நாயோடு நடக்கிறார். வைகையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

ஐந்து நாளில் நமீபியா முழுவதையும் பார்க்கத் திட்டம் போடாதீர்கள். நம் பிள்ளைகள் கட்டிய காசுக்கு ஈடாக எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்று வண்டியிலேயே விடுமுறையைக் கழித்துவிடுகிறார்கள். நான் ஒரே ஊரில் ஐந்து நாள் இருந்தேன். ஒருநாள் பக்கத்துத் துறைமுக ஊரான வால்விஸ் பே போய்க் காயலில் பூநாரைகளைப் பார்த்தேன். இன்னொரு நாள், வாழ்நாள் முழுவதும் இரண்டே இலைகளோடு ஆயிரம் ஆண்டுக்கு மேலும் நிற்கக்கூடிய வெல்விட்சியாச் செடிகள். (பார்க்க அழகாக இராது, காற்றில் கிழிந்த வாழையிலை போலக் கிடக்கும்.) மற்ற மாலைகளில் மோல் என்னும் பழைய அலைத்தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். ஜெர்மானியர் 1899 முதல் 1903 வரை துறைமுகத்துக்காகக் கட்டியது. மணல் சேர்ந்து சீக்கிரமே பயனற்றுப்போனது. ராமேஸ்வரத்தில் கடலிலிருந்து எழும் சூரியனையே பார்த்த எனக்கு, அது கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தது.

நகருக்கு வெளியே வழியைவிட்டு வண்டியையோ காலையோ வைக்காதீர்கள். வெறும் சரளை என்று நினைக்கும் தரையில் பாசிபோன்ற லைக்கன்கள் உயிரோடு இருக்கின்றன. ஒரு டயர்த்தடம் பல பத்தாண்டுகள் அழியாது.

விசா விதிகள் மாறும். எந்த எல்லைச் சாவடியில் எந்த விசா செல்லும் என்று நமீபியத் தூதரகத்தில் கேட்டபிறகே டிக்கெட் எடுங்கள். உங்கள் படிப்பு விசாவில் தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்ப நுழைய அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். கேப் டவுனிலிருந்து நமீபியத் தலைநகர் விண்ட்ஹுக்வரை பஸ் இருபது மணிநேரத்துக்கு மேல். அங்கிருந்து கடற்கரைக்கு இன்னும் 360 கிலோமீட்டர், பலர் சேர்ந்து போகும் வேன் கிடைக்கும். புளியும் மிளகாய்த்தூளும் கையோடு கொண்டுபோங்கள், மீன் அங்கே தாராளம்.

பண விஷயத்தில் நான் ஏமாந்தேன். நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் ஒரே மதிப்பு; ராண்டை அங்கே எல்லாக் கடையிலும் வாங்கிக்கொள்வார்கள், மீதியை நமீபிய டாலராகத் தருவார்கள். அதைக் கேப் டவுன் கடைகள் தொடுவதில்லை. கிளம்புமுன் செலவழித்துவிடுங்கள். எனக்கு மிஞ்சிய 340 டாலரை வைத்துத் திருமங்கலத்தில் அக்கா மகன் மளிகைக்கடை விளையாட்டு நடத்துகிறான்.