விரவலா, பரவலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு பொருளின் மூலக்கூறுகள் தாமாகவே இன்னொன்றில் கலந்து எங்கும் எட்டுவதை அறிவியலில் 'டிஃபியூஷன்' என்கிறோம். அதற்குத் தமிழில் 'பரவல்' என்ற சொல்லே போதும் என்று நம் குழுவின் சென்ற மடலில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. 'விரவல்'தான் பொருந்தும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தருகிறேன். விதை பரவும் முறைகளில் வெடித்தலுக்கு இங்கே எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை. வெயில் ஏறியதும் பால்மரக் (ரப்பர் மரக்) காய் 'டப்'பென்று வெடிக்கும். மூன்று அறை, அறைக்கு ஒரு புள்ளிக் கொட்டை. தெறித்து வந்து தகரக் கூரையில் விழுந்து உருளும். தாய்மரத்தின் நிழலில் கிடக்காமல் விலகிப் போய் முளைக்க வேண்டும், அவ்வளவுதான். இது பரவல். (பக்கத்துக் கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. பிரேசில் விதை, லண்டன் கியூ தோட்டம் வழியாக வந்தது. அதையும் மனிதரால் நடந்த பரவல் என்றே சொல்லிக் கொடுக்கிறேன்.)

ரப்பர் பாலைச் சேர்த்துவைக்கும் பால் ஸ்டோரில் நடப்பது வேறு. பால் உறையாமலிருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். மூடியைத் திறந்தால், காற்றோட்டமே இல்லாவிட்டாலும் மெல்ல மெல்ல நெடி மூலைமுடுக்கெல்லாம் எட்டிவிடும். மூலக்கூறுகள் கண்டபடி ஓடி மோதிக்கொள்கின்றன. செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து போவது அதிகம், அங்கே திரும்பி வருவது குறைவு. கடைசியில் எங்கும் ஒரே செறிவு. யாரும் கலக்காமலே கலந்துவிடுகிறது. இது விரவல்.

விரவல் என்றால் கலத்தல்தானே, பரவுவது எங்கே என்று ஒருவர் கேட்டிருந்தார். 'ஊரெங்கும் விரவிக் கிடக்கிறது' என்கிறோமே, அதில் இரண்டும் இருக்கின்றன. இரு திணைக்கும் பொதுவான பெயரைத் தொல்காப்பியம் விரவுப்பெயர் என்கிறது. புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை.

லத்தீன் வேரைப் பிடித்துக்கொண்டு போவதும் உதவாது. அங்கே 'டிஸ்' என்றால் பிரிந்து, 'ஃபுண்டேரே' என்றால் ஊற்றுதல். அறிவியலாளர் தாமஸ் கிரகாம் 1833-இல் வாயுக்கள் விரவுவதற்கு விதி சொன்னபோதும், அடால்ஃப் ஃபிக் 1855-இல் விரவலைச் சமன்பாடாக்கியபோதும் யாரும் எதையும் ஊற்றவில்லை. நிகழ்வைப் பார்த்துப் பெயர் வைப்போம்.

இலங்கைப் பாடநூல்களில் இதற்குப் பரவல் என்றே உண்டு, சரி. ஆனால் விதைக்கு அவர்கள் பரம்பல் என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள், அதனால் குழப்பமில்லை. நமக்குக் குழப்பம் உண்டு. நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மலாயில் விதைக்குப் 'பென்சாரான்', இதற்கு 'ரெசாப்பான்' என்று படிக்கிறார்கள். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தனுப்பினால் தடுமாறுவது அவர்கள்தான். ரெசாப்பானின் வேருக்குக் கசிதல் என்ற பொருளும் இருப்பதைப் பார்த்துக் 'கசிவு' என்று வைக்கவும் வேண்டாம். குழாய் ஒழுகுவதும் கசிவுதான்.

அப்புறம், 'ஆஸ்மோசிஸ்' என்பதற்கு வழங்கும் சவ்வூடு பரவலையும் மாற்ற வேண்டுமா என்ற கேள்வி. வேண்டாம் என்பேன். அங்கே கரைப்பான் மட்டும் சவ்வைக் கடக்கிறது, கரைபொருள் இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. இரண்டும் விரவுவதில்லை. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். அடுத்த பயிற்சித்தாள் அச்சுக்குப் போகுமுன் முடிவு செய்துவிடலாம்.