மறு: ப்ரீபெய்ட் போட்டா மீன் வருமா? (கிரவுண்ட்பெய்ட், லூஸ்ஃபீட் தமிழ்ல என்ன?)

எல்லாருக்கும் வணக்கம்,

ஒரு சிக்கல், உதவி வேணும். இங்கிலாந்துல இருக்கற சின்னக் குளங்கள், அதாவது ரெண்டு மூணு ஏக்கர், அதிகமா யாரும் தூண்டில் போடாத குளங்கள், அங்க கோர்ஸ் ஃபிஷிங் எப்படி பண்றதுனு தமிழ்ல நீளமா ஒரு கட்டுரை எழுதிட்டு இருக்கேன். நேத்து வீட்ல படிச்சுக் காட்டினேன், "தூண்டில் போடறதுக்கு மூணு நாள் முன்னாடியே குளத்துல ப்ரீபெய்ட் போடணும்"னு ஒரு வரி வந்துச்சு. மீனுக்கு எதுக்கு சிம் கார்டுனு கேட்டாங்க. அதோட படிக்கறத நிறுத்திட்டேன்.

சரி, கோர்ஸ்ங்கறத அப்படியே விட்டுடலாம்னு இருக்கேன். சால்மன், ட்ரவுட் எல்லாம் அங்க கேம் ஃபிஷ். மத்த நன்னீர் மீனெல்லாம், ரோச், ரட், டென்ச், ப்ரீம், பெர்ச், பைக், கார்ப், இதெல்லாம் கோர்ஸ். அதை "முரட்டு மீன்"னு மொழிபெயர்த்தா டென்ச்சுக்கே சிரிப்பு வரும், அவ்வளவு சாதுவான மீன் அது.

எனக்கு வேண்டியது நாலே நாலு சொல்தான். முள்ளுல கோக்கறது ஹுக்பெய்ட். முள் இல்லாம கையால அள்ளிப் போடற தானியம், புழு, லூஸ்ஃபீட். ரொட்டித்தூள் மாதிரி பொடியை தண்ணி விட்டுப் பிசைஞ்சு உருட்டிப் போடறது கிரவுண்ட்பெய்ட். மீன் பிடிக்கப் போற நாளுக்கு முன்னாடியே போய் போட்டுட்டு வர்றது அந்த சிம் கார்டு சமாச்சாரம். நாலுக்கும் "இரை"னே போட்டேன்னா எது எதுனு படிக்கறவங்களுக்கு குழம்பிடும், எனக்கே மூணாவது பக்கத்துல குழம்பிடுச்சு.

-----

தம்பிக்கு,

முதலாவது "முள்ளிரை". தூண்டில் முள் என்பது வழக்கில் உள்ள சொல்தானே, யோசிக்கவே வேண்டாம். மூன்றாவது "தரையிரை", கிரவுண்ட் என்றால் தரை. நாலாவது "முன்னிரை". இரண்டாவதுக்கு "தூவிரை" நன்றாக இருக்கிறது. நாலும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வந்துவிட்டது பார்த்தீர்களா. நான் தூண்டில் பிடித்து நாற்பது வருடம் ஆகிறது, சொல்லில் தவறு இருந்தால் சொல்லுங்கள், மீனில் தவறு இருந்தால் நான் பொறுப்பில்லை.

-----

> கிரவுண்ட் என்றால் தரை

ஐயா, முள்ளிரை கண்ணை மூடிட்டு எடுத்துக்கறேன். ஆனா தரையிரைதான் உதைக்குது. பேர்ல கிரவுண்ட் இருந்தாலும் அது எப்பவும் தரைக்குப் போறதில்ல.

பொடியில தண்ணிய ஒரேயடியா ஊத்தமாட்டாங்க, கொஞ்சம் கொஞ்சமா விட்டு, பத்து நிமிஷம் ஊற விட்டு, மறுபடி லேசா நனைச்சு, சல்லடையில சலிச்சு கட்டி எடுப்பாங்க. அதுக்கப்புறம் எல்லாமே கைப்பிடியிலதான் இருக்கு. அழுத்திப் பிடிச்சா உருண்டை அப்படியே அடிக்குப் போய் அங்க உடையும், அது ப்ரீம், டென்ச் மாதிரி அடியில மேயற மீனுக்கு. லேசாப் பிடிச்சா தண்ணியில விழுந்த உடனே உடைஞ்சு கலங்கலா ஒரு மேகம் மாதிரி இறங்கும், ரட், ரோச் எல்லாம் நடுத்தண்ணியிலயும் மேலயும் வந்து அதுல திரியும். வெள்ளை ரொட்டிய ஓரம் வெட்டிட்டு மிக்ஸில அடிச்சுப் போட்டா கிட்டத்தட்ட வெறும் கலங்கல்தான், தரையில மிஞ்சறதே கம்மி. அதைப் போய் தரையிரைனு சொன்னா படிக்கறவன் எல்லாத்தையும் அழுத்தி அழுத்திப் போட்டுடுவான், ரட் இருக்கற குளத்துல வெறுங்கையோட திரும்புவான், என்னைத் திட்டுவான்.

"கூட்டிரை"னு ஒண்ணு யோசிச்சேன், மீனைக் கூட்டி வர்ற இரைங்கற அர்த்தத்துல. ஆனா கேஸ்டர்னு ஒரு இரை இருக்கு, ஈப்புழு கூடு கட்டின நிலை, அதுக்கு கூட்டுப்புழுனு தமிழ்ல ஏற்கெனவே சொல் இருக்கறதால ரெண்டும் இடிச்சுக்கும். "உருண்டை இரை"யும் சரிப்படல, கூண்டு மாதிரி ஃபீடர்ல அடைச்சும் அதே பொடியத்தான் அனுப்பறாங்க, அங்க உருண்டையே கிடையாது.

-----

எல்லாருக்கும் வணக்கம். நான் இஞ்ச இங்கிலாந்தில இருபது வருசமா தூண்டில் போடுறனான், இந்தக் குழுமத்தில வாசிக்கிறதோட சரி, எழுதுறதில்லை. இண்டைக்கு எழுதாம இருக்க ஏலேல்லை.

தம்பி, பிழை தரையில இல்லை. இரையிலதான் பிழை.

நாங்கள் கோழிக்குப் போடுறதை இரை எண்டு சொல்லுறமோ? கோழித்தீன் எண்டுதான் சொல்லுவம். கோழி தானாக் கிளறித் தேடிக் கொத்துதே, அது இரை. நாங்களாப் போய்க் குடுக்கிறது தீன். நீங்கள் தீனி எண்டு சொல்லுவியள். அப்ப குளத்திலயும் அப்பிடித்தான். முள்ளில இருக்கிறது இரை, அதை மீன் தான் தேடி எடுத்த மாதிரி எடுக்க வேணும். முள் இல்லாமப் போடுறது தீனி. ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சதாலதான் ஆக்கள் ரெண்டையும் ஒரே மாதிரிப் போடுறாங்கள்.

நானும் அந்தப் பிழை விட்டனான். முதல் முதல் ஒரு குளத்துக்குப் போனன், காட்டுக்குள்ள, மூண்டு ஏக்கரும் வராது, கரையெல்லாம் நாணலும் அல்லியும், ஒரு ஆள் தூண்டில் போட்ட தடம் இல்லை. ஆக்கள் கூடின குளங்களில பாத்த பழக்கத்தில தோடம்பழ அளவில பத்து உருண்டை எறிஞ்சிட்டு இருந்தன். விடிய நாலரைக்கு இருந்தனான், பின்னேரம் வரைக்கும் ஒரு கொத்தும் இல்லை. பிறகுதான் விளங்கிச்சு. சின்னக் குளம், மீனும் கொஞ்சம், தண்ணிக்குள்ள நத்தையும் பூச்சியும் தாராளமாக் கிடக்கு, அதுகளுக்கு என்ர பத்து உருண்டை ஏன்? போட்டதைத் திருப்பி எடுக்கவும் ஏலாது. பசியை ஆத்திப்போட்டு பிறகு முள்ளைக் காட்டினா எந்த மீன் வரும்?

இன்னொண்டு. இப்பிடிக் குளங்களில மீன் பயமில்லாம இருக்கும், எதையும் தின்னும் எண்டு கன பேர் நினைக்கினம். பாதிதான் சரி. கரையில தொம் தொம் எண்டு நடந்தா ஓடிப் போயிடும், ஏனெண்டா ஆள் நடமாட்டமே பழக்கமில்லை. அதோட அதுகளுக்கு எங்கட சாப்பாடு தெரியாது. ஒவ்வொரு நாளும் பெலட், அதான் கடையில விக்கிற குச்சித்தீனி, விழுற குளத்தில பெலட் விழுந்த சத்தத்துக்கே கார்ப் வரும். இஞ்ச பெலட்டைக் கண்டா கல்லைக் கண்ட மாதிரி. சோளமும் சில குளத்தில முதல் நாள் எடுபடாது. புழுவுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை, அது எந்த மீனுக்கும் தெரிஞ்ச சாமான். மழை பெய்த இரவில புல்தரையில டோர்ச் அடிச்சுப் பொறுக்கின பெரிய மண்புழு ஒண்டு, காலமை அல்லி இலை ஓரத்தில, அவ்வளவு காணும்.

சோளத்திலதான் பிடிக்க வேணுமெண்டா பழக்க வேணும். மூண்டு பின்னேரம், ஒரே இடத்தில, ஒரே நேரத்தில, ஒரு கைபிடி. அதுதான் உங்கட சிம் கார்ட். அதுக்குப் பேர் "முன்தீனி".

-----

ரொம்ப சரியான பார்வை. என் "இரை" நாலில் மூன்றை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், முள்ளிரை மட்டும் இருக்கட்டும்.

லூஸ்ஃபீட் "தூவுதீனி". கிரவுண்ட்பெய்ட்டுக்கு எங்கே போய் விழுகிறது என்பதை விட்டுவிட்டு எப்படிச் செய்கிறோம் என்பதைப் பிடித்தால் "பிசைதீனி". அடிக்குப் போனாலும் மேகமாகக் கலைந்தாலும் கூண்டில் அடைத்தாலும் பிசையாமல் முடியாது அல்லவா? இரண்டும் வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு மாதிரி. அதனால் நடுவில் ஒற்று மிகாது, யாராவது "பிசைத்தீனி" என்று திருத்த வந்தால் என்னிடம் அனுப்புங்கள்.

ஒரே ஒரு சந்தேகம். முள்ளில் உருட்டி வைக்கும் மாவும் பிசைந்ததுதானே?

-----

ஐயா, அதுக்கு அக்கா சொன்ன வித்தியாசமே பதில் சொல்லிடுது. முள்ளுல இருக்கறதால அது இரை, அதனால "மாவிரை". 1952-ல ரிச்சர்ட் வாக்கர்ங்கற இங்கிலாந்து தூண்டில்காரர் ரெட்மயர்ல 44 பவுண்டு கார்ப் பிடிச்சாரே, கிட்டத்தட்ட 20 கிலோ, அது இதே மாதிரி மூணு ஏக்கர் குளம்தான், முள்ளுல இருந்தது ரொட்டி. ரொட்டி மாவும் ரொட்டி ஓரமும் சேர்த்து கோத்தது. மாவு முழுகப் பாக்கும், ஓரம் மிதக்கப் பாக்கும், ரெண்டையும் அளவா சேர்த்தா இரை பாசிக்குள்ள புதையாம மேலாக உக்காரும். எந்தப் புது பவுடரும் இல்லாம இதை யோசிச்சிருக்காங்கறதுதான் எனக்கு பிடிச்ச விஷயம்.

ஆக முள்ளிரை, தூவுதீனி, பிசைதீனி, முன்தீனி. முடிஞ்சுது. ஆனா இதே சாக்குல இன்னும் ரெண்டு மூணு இருக்கு.

ஸ்விம்னு சொல்றாங்க, தூண்டில்காரர் உக்காந்து மீன் பிடிக்கற அந்த ஒரு இடம், கரையும் அதுக்கு முன்னால இருக்கற தண்ணியும் சேர்த்து. நீச்சல்னு எழுத முடியாது.

அப்புறம் ஷாட், தூண்டில் நரம்புல, அதாவது நூல்ல, கவ்வ வைக்கற சின்ன எடை உருண்டை. கட்டுரை முழுக்க ஈயக்குண்டுனு எழுதி வச்சிருந்தேன், அப்புறம்தான் உறைச்சுது, இங்கிலாந்துல 1987-லேர்ந்து 0.06 கிராமுக்கு மேல 28.35 கிராம் வரைக்கும் ஈய எடை தடை, அன்னங்கள் அதை முழுங்கி விஷமேறி செத்ததால. அதனால இப்ப வேற உலோகத்துலதான் வருது. சட்டம் ஈயம் கூடாதுனு சொல்ற ஊர்ல மீன் பிடிக்கற கட்டுரையில பக்கத்துக்கு ஆறு ஈயக்குண்டு. "எடைக்குண்டு"னு மாத்திட்டேன்.

-----

ஸ்விம் = துறை. படித்துறை, நீர்த்துறை என்றுதானே சொல்கிறோம், கரையும் அதை ஒட்டிய தண்ணீரும் சேர்ந்ததுதான் துறை. "தூண்டில் துறை" என்று முதல் தடவை எழுதிவிட்டு பிறகு வெறும் துறை போதும். இதற்குப் புதுச் சொல் ஆக்கவே தேவையில்லை, கையில் இருக்கிறது.

-----

துறை நல்லா இருக்கு ஐயா. நான் இனி அப்பிடித்தான் சொல்லப் போறன்.

தம்பி, லிஃப்ட் மெதட் எழுதினனீங்களோ? டென்சுக்கு அதை விட்டா வேற இல்லை, ஃப்ரெட் ஜே. டெய்லர் எண்ட இங்கிலாந்துத் தூண்டில்காரர் ஆக்கள் பிரபலமாக்கின முறை. மயிலிறகுத் தண்டைத் தக்கையா அடிமுனையில மட்டும் கட்டி, எடைக்குண்டை முள்ளில இருந்து ரெண்டு மூண்டு அங்குலத்துக்குள்ள வைக்கிறது. குண்டு தரையில, தங்கூசி (தூண்டில் நூல்) இறுக்கம், தக்கை நிமிர்ந்து நிக்கும். டென்ச் தலைகீழா நிண்டு இரையை உறிஞ்சிப்போட்டு நிமிரேக்க குண்டையும் சேத்துத் தூக்கும், பாரம் விட்ட தக்கை மேல எழும்பி அப்பிடியே படுத்திடும். புதுசா வாற ஆக்கள் தக்கை தாழ்ந்தாத்தான் கொத்து எண்டு பாத்துக் கொண்டு இருப்பினம், இது எழும்பும். "எழும்பு கொத்து" எண்டு போடுங்கோ. கடி எண்டு போடாதேங்கோ, நாய் கடிக்கிற மாதிரிக் கிடக்கு.

துறையில பொடிப் பொடியா நுரை மாதிரி குமிழ் வந்தா டென்ச் கீழ மண்ணைக் கிளறுது எண்டு அர்த்தம். அப்ப தீனி போடாதேங்கோ, இருக்கிறதே காணும். பத்துப் பதினைஞ்சு ஈப்புழு தூவினாலே கூடிப் போயிடும்.

-----

எழும்பு கொத்து ஏத்தியாச்சு அக்கா. தங்கூசிய நாங்க தங்கூஸ்னு சொல்வோம், பிறைக்குறி போடாம ரெண்டையும் எழுதிடறேன், படிக்கறவங்க அவங்கவங்க ஊர்ப்படி எடுத்துக்கட்டும்.

கட்டுரை முடிவுல விதிமுறை ஒரு பத்தி இருக்கு, சரியானு பாருங்க. 13 வயசு ஆனவங்க யாரா இருந்தாலும் ராட் லைசன்ஸ், அதாவது தூண்டில் போட அரசு உரிமம், வேணும், அதுக்கு மேல குளத்துக்காரர் அனுமதி தனி. ஆறுகள்ல மார்ச் 15-லேர்ந்து ஜூன் 15 வரைக்கும் கோர்ஸ் மீனுக்கு மூடுகாலம், குளங்கள்ல பெரும்பாலும் அது கிடையாது, ஆனா சில பாதுகாக்கப்பட்ட இடங்கள்லயும் சில கிளப் குளங்கள்லயும் உண்டு, அதனால போறதுக்கு முன்னாடி கேட்டுக்கணும். க்ளோஸ் சீசனுக்கு "மூடுகாலம்"னு நானே போட்டுட்டேன், யாரும் சண்டைக்கு வராதீங்க.

கேஸ்டருக்கு கூட்டுப்புழுனே வச்சிட்டேன். ஆனா அதுல புதுசா கூடு கட்டினது முழுகும், நாள் ஆக ஆக கறுத்து மிதக்க ஆரம்பிக்கும். மிதக்கறத தூவினா காத்து அடிக்கற பக்கம் போயிடும், மீனும் பின்னாடியே போயிடும். அதனால "முழுகு கூட்டுப்புழு", "மிதவைக் கூட்டுப்புழு"னு ரெண்டா பிரிச்சிருக்கேன். கொஞ்சம் நீளம்தான், பரவால்ல.

லைன் பைட் ஒண்ணுதான் மிச்சம். மீன் இரையத் தொடவே இல்ல, நரம்பு மேல இடிச்சுட்டுப் போகுது, தக்கை ஆடுது, கொத்துனு நினைச்சு இழுக்கறோம். "பொய்க்கொத்து"னு வச்சா சரியா வருமா?

-----

பொய் ஏன் தம்பி, மீன் ஒண்டும் பொய் சொல்லேல்லையே, அது தன்ர பாட்டில போகுது. "உரசல்" எண்டு போடுங்கோ. எப்பிடித் தெரியும் எண்டும் ஒரு வரி எழுதி விடுங்கோ, இழுத்த கையோட முள்ளில மீன் இல்லாம செதில் ஒண்டு மட்டும் வந்தா அது உரசல்.